ஒரு விசிலுக்கு மூன்று ரிசீவர்

"கொள்முதல் பிரிவு அலுவலரான இவர், விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலும் சொற்சிக்கனமும் ஒருங்கே அமையப் பெற்றவர். தேவை எது என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே பொருளைத் தேர்வு செய்யும் இவரது நடைமுறை அனைவரும் பின்பற்றத்தக்கது."

இது ஒரு கண்ணாடிப் பலகையில் பொன்னிற எழுத்தில் பொறித்திருந்த வாசகம். குழாய், வால்வு, திருகு வகையறாக்களை விற்கும் கம்பெனி ஒன்று, தன்னிடம் நெடுங்காலம் குப்பை கொட்டியதற்காக அவருக்குக் கொடுத்தது. எழுதியவர் பணியாளர் பிரிவுக்குப் புதிது. இவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்றும் சொல்வதற்கில்லை. பாராட்டு வாசகங்கள் ஆளைப் பார்த்து எழுதப்படுபவை அல்ல.

அலுவலகத்தில் அவர் விரைந்து முடிவெடுத்தது மட்டும் உண்மை. குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்று அங்கே விதி இருந்தது. முடிவெடுக்க அவருக்கு எதையும் மிச்சம் வைக்காத விதி. வீட்டில் அப்படி ஒரு விதி இல்லாததால், பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். கூடத்தில் மாட்டினால் தற்பெருமை. படுக்கையறையில் மாட்டினால் யாரும் பார்க்கப் போவதில்லை, அப்புறம் எதற்கு மாட்டுவது? யோசனை நடந்துகொண்டிருக்கும்போதே பலகை மெல்ல நகர்ந்து, சலவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்த அவருடைய குட்டி அறைக்குப் போய், ஈயம் உருக்கும் சூடான சால்டரிங் அயர்னை வைக்கும் தட்டாகிவிட்டது. 'விரைந்து' என்ற சொல்லின் மேல் இப்போது ஒரு கருப்பு வட்டம் இருக்கிறது.

அந்தக் குட்டி அறையில்தான் அவர் எலக்ட்ரானிக்ஸ் செய்தார். அதாவது, கடையில் கிடைக்கும் பொருள்களைக் கடையில் கிடைக்காத விதமாகச் செய்தார். கைதட்டினால் எரியும் விளக்கு ஒன்று செய்தார். டிவியில் யாராவது கைதட்டினாலும் அது எரிந்தது. ஒரு பாராட்டு விழா ஒளிபரப்பான மாலையில் விடாமல் அணைந்து அணைந்து எரிந்து, நன்றியுரைக்கு முன்பே பல்பு உயிரை விட்டது. ஜன்னல் திரையைத் தானாகத் திறக்கும் இயந்திரம் ஒன்று செய்தார். திறந்தது. மூடுவதைப் பற்றி அதற்கு அபிப்பிராயமே இல்லை.

உதிரிபாகக் கடையில் அவருக்கு 'சாம்பிள் சார்' என்று பெயர். எதை வாங்கினாலும், "எதுக்கும் ஒரு சாம்பிள் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே" என்பார். சாம்பிள் வாங்குவார். இன்னொரு வகைக்கும் சாம்பிள் வாங்குவார். முடிவு பண்ணுவதற்குள் அந்தப் பொருள் சந்தையிலிருந்தே போய்விடும். நாளடைவில் பெயர் வீடு வரை வந்து சேர்ந்தது. நாமும் அவரைச் சாம்பிள் என்றே சொல்வோம். அவருக்கு ஆட்சேபணை இல்லை. இருந்தாலும் அதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு மாமியார் வந்து சேர்ந்தார், காலில் மாவுக்கட்டோடு.

மாமியார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓடும் வண்டியில், படிக்கட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே, ஒரு கையால் எதையும் பிடிக்காமல் ஆயுளில் பாதியைக் கழித்தவர். அவர் விழுந்தது ஓடாத நாற்காலியிலிருந்து. மின்விசிறியைத் துடைக்க ஏறியிருந்தார். மூத்த மகள் வீட்டில் அப்போது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால், வாசனை போகும்வரை இளைய மகள் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. தெருவைப் பார்த்த முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுக்கை போடப்பட்டது. உடன் கொண்டுவந்தவை: ஒரு தோல்பை, கழுத்தில் ஒரு விசில்.

எழுந்து நடக்க முடியாதவர் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் குரல் கொடுப்பார். இவர் விசில் கொடுத்தார். ஒரு விசில் என்றால் வா. இரண்டு விசில் என்றால் போ. முப்பது வருடம் நெரிசலுக்கு நடுவே டிரைவர் காது வரை போய்ச் சேர்ந்த விசில், சமையலறை வரை போவதற்குச் சிரமப்படவில்லை. சமையலறையோடு நிற்பதற்குத்தான் சிரமப்பட்டது.

எதிர்ச் சாரியில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது.

மாமியாருக்குத் தாகம் எடுத்தால் தெருவில் ஒரு கார் நின்றது. டீ வேண்டுமென்றால் ஒரு கார் நின்றது. டீ குடித்தாயிற்று, டம்ளரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று இரண்டு விசில் ஊதினால், நின்ற கார் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு கிளம்பி, பூந்தொட்டிகளை நோக்கிப் போயிற்று. கற்றுக்கொள்ள வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் மெல்லிய குரலில் ஆயிரம் சொல்வார். விசில் ஒன்றுதான் தெளிவாகச் சொன்னது.

மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் ஸ்டூடண்ட்ஸ் விசில் ஊதினாத்தான் பிரேக் போடறாங்க. நாளைக்கு டெஸ்ட்ல யார் ஊதுவா?"

"நீங்க ஊதுங்க" என்றார் மாமியார். "ஒரு விசில் வாங்கறதுக்கு என்ன கேடு? ஆமா, அந்த மஞ்சச் சட்டைப் பொண்ணு கிளட்ச்சுல ஏறி நிக்குதே, சொல்லித் தரமாட்டீங்களா?"

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பினார்.

சாம்பிளின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சீட்டைப் பார்த்ததும் கை தானாகச் சரியான டப்பாவுக்குப் போய் நிற்கும். வீட்டிலும் அப்படியே. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய முடிவுகள் மொத்தத்தையும் அந்த அம்மாள் ஒருவரே எடுத்துவிடுவதால்தான் கணவருக்கு யோசிக்க இவ்வளவு அவகாசம் கிடைத்தது. மாஸ்டர் வந்துபோன மறுநாளே கடையிலிருந்து ஒரு கம்பியில்லா அழைப்புமணி வாங்கி வந்தார். பட்டனை அழுத்தினால் அது குருவி போலக் கத்தியது.

"இது என்ன கூத்து?" என்றார் மாமியார். "எனக்குத் தண்ணி வேணும்னா குருவியா வந்து சொல்லும்? எடுத்துட்டுப் போ."

குருவியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி இரண்டு விசில் வேறு. தெருவில் ஒரு கார் கிளம்பியது.

உண்மையில் குருவியால் பயனும் இல்லை. குழாய் திறந்திருந்தால், சலவை இயந்திரம் ஓடினால், மகள் போனில் பேசினால், கத்தியது கேட்பதில்லை. கத்தி முடித்துவிட்டால் கத்தியதற்கு அடையாளமும் இல்லை. இதைச் சாம்பிள்தான் கண்டுபிடித்துச் சொன்னார். "சத்தம் வேலைக்காகாது. விளக்கு வேணும். இங்க அத்தை அழுத்தினா சமையல்கட்டுல லைட் எரியணும். ரேடியோ ரிசீவர் மாட்யூல் ஒண்ணு வாங்கினாப் போதும். நானே செஞ்சிடறேன்."

மனைவி அவரை ஒரு காலாவதியான மாத்திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எப்ப?"

"ரிசீவர்ல நிறைய வகை இருக்கு. எதுக்கும் ஒரு சாம்பிள்..."

"ஞாயித்துக்கிழமை அத்தான் கார் எடுத்துட்டு வர்றார். அக்கா வீட்டுல பெயிண்ட் வாசனை போயிடுச்சாம். அன்னிக்கு ஒரே ஒரு விசில் கேட்டாலும் அம்மா அந்தக் கார்ல ஏறிடுவாங்க. கேக்கலைன்னா இங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்பது அந்த வீட்டில் தீர்ப்பின் கடைசி வரி.

இதைக் கேட்டுச் சாம்பிள் உள்ளூர மகிழ்ந்திருப்பார் என்று நினைப்பது இயல்பு. மாமியாரும் மருமகனும் ஒருநாள் தவறாமல் சண்டை போட்டார்கள். சண்டை எப்போதும் பஸ் தடங்களைப் பற்றி. சாம்பிள் பஸ்ஸில் போனதே குறைவு. ஆனால் வரைபடத்தை வைத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்கு முன்னாலேயே இடப்பக்கம் திரும்பினால் தூரம் மிச்சம் என்று நிரூபிப்பார்.

"அந்தச் சந்துல நீங்க ஒரு பஸ்ஸைத் திருப்பிக் காட்டுங்க மாப்ள, நான் உங்களுக்குச் சலாம் போடறேன்."

"படத்துல அகலமாத்தான் இருக்கு அத்தை."

"படத்துல இளநீர் வண்டி நிக்குதா? அதுக்குப் பக்கத்துல நிக்கிற சைக்கிள் தெரியுதா? அந்த சைக்கிள்காரன் வாய் தெரியுதா?"

ஆனால் விஷயம் இதுதான்: சாம்பிள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அலுவலகத்தில் போனை எடுத்துக்கொள்வார்கள், மனைவி நடுவிலேயே முடிவுக்கு வந்துவிடுவார். கடைசிவரை காதில் வாங்கிக்கொண்டு, அதன்பின் "தப்பு" என்று சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் போய்விட்டால் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைத்ததும் சாம்பிள் உதிரிபாகக் கடைக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினார்.

மாமியாரும் இங்கேயே இருக்கிறேன் என்று வாய்திறந்து சொல்லவில்லை. "அங்க லிஃப்ட் இருக்கு. ரூமுக்கு ரூம் பெல் இருக்கு" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கழித்து, "பெரிய மாப்ள தங்கம். எதைச் சொன்னாலும் 'சரி அத்தை'ம்பார். அந்தச் சரியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார், ஜன்னலைப் பார்த்து.

உதிரிபாகக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்த கடைக்காரப் பெண்மணி சாம்பிளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நின்றுகொண்டே பேசி முடிக்கிற வாடிக்கையாளர் அல்ல இவர் என்பது தெரியும்.

"என்ன வேலைக்கு சார்?"

"ரிசீவர் மாட்யூல். சாதாவா, உசத்தியான்னுதான் யோசிக்கறேன்."

"சாதா, ஊர்ல இருக்கற எல்லாச் சத்தத்தையும் காதுல வாங்கும். உசத்தி, தனக்கு வேண்டியதை மட்டும் கேக்கும்."

சாம்பிள் தன் மனைவி உசத்தி வகை என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டார். "ஏரியல் கம்பி எவ்வளவு நீளம் வைக்கலாம்?"

"ஒரு ஜாண். என்ன வேலைக்கு சார்?"

"அப்புறம் இந்த எம், டி, எல்னு மூணு டைப் போட்டிருக்கே?"

மூன்று பச்சைத் தகடுகளைக் கடைக்காரப் பெண்மணி பெட்டிமேல் வைத்தார். அச்சாக ஒரே மாதிரி. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு ஓரத்தில் சீப்பின் பல் போல வரிசையாகப் பின்கள். "பார்க்க ஒண்ணா இருக்கும், குணம் வேற. எம் டைப், நீங்க பட்டனை அழுத்திட்டிருக்கற வரைக்கும் வேலை செய்யும். கையை எடுத்தா மறந்துடும். டி டைப், ஒருதரம் அழுத்தினா ஆன், அதையே மறுதரம் அழுத்தினா ஆஃப். எல் டைப் பிடிச்சா விடாது. ஏ பட்டனை அழுத்தினா ஏ எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பி அழுத்தினாத்தான் ஏயை விட்டுட்டு பியைப் பிடிக்கும்."

"மனுஷங்கள்லகூட இப்படி மூணு வகை..."

"சார், பின்னால ஆள் நிக்குது. என்ன வேலைக்குன்னு சொன்னா எதுன்னு நான் சொல்லிடுவேன்."

சொல்வது எளிது. சொன்னால் தேர்வு முடிந்துவிடும். சாம்பிள் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட். கடைக்காரப் பெண்மணி பொட்டலம் கட்டிக்கொண்டே, "இதுல எட்டுப் பின்னு அட்ரஸுக்கு. ஒவ்வொண்ணையும் பிளஸ்ல சேர்க்கலாம், மைனஸ்ல சேர்க்கலாம், சும்மாவும் விடலாம். ரிமோட்லயும் அதே மாதிரி பண்ணிடுங்க. இல்லாட்டி அடுத்த வீட்டு ரிமோட்டுக்கு உங்க வீட்டு லைட் எரியும். ஏதோ ஒண்ணு வெச்சிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் சாம்பிள் கணக்குப் போட்டார். எட்டுப் பின், பின்னுக்கு மூன்று வழி. ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. ஆறாயிரத்தில் ஏதோ ஒன்று! அந்தப் பொறுப்பை நினைத்து அவருக்கு வியர்த்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டுப் பின்னையும் சும்மா விட்டார்.

முதலில் எம் டைப்பை மாட்டினார். சமையலறை அலமாரி மேல் ஒரு சிவப்பு விளக்கு. மாமியாரின் கையில் ரிமோட். மாமியார் கண்டக்டர் வழக்கப்படி ஒரு தட்டுத் தட்டினார். விளக்கு கண்ணிமைக்கும் நேரம் எரிந்து அணைந்தது. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். மகள் எதேச்சையாகத் திரும்பினால் சமையலறை ஆம்புலன்ஸ் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"என்னங்க, உங்க லைட் என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது!"

"அத்தை, அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கணும்" என்று சாம்பிள் விளக்கினார்.

"எதுவரைக்கும்?"

"யாராவது பார்க்கற வரைக்கும்."

"நான் பட்டனைப் பிடிச்சுட்டு இருக்கணும், அவ எப்ப பார்க்கறாளோ அப்ப வருவா. கட்டை விரலுக்கும் மாவுக்கட்டு போட்டுடலாமா மாப்ள?" ரிமோட்டை வைத்துவிட்டு விசிலை எடுத்தார். தெருவில் மஞ்சள் சட்டைப் பெண் பிரமாதமாக பிரேக் போட்டாள்.

அடுத்து டி டைப். இது சாம்பிளுக்கு மிகவும் பிடித்தது. ஒருமுறை தட்டினால் வா, இன்னொரு முறை தட்டினால் போ; விசிலின் தத்துவமே இதில் அடங்கியிருக்கிறது என்று நம்பினார். தத்துவத்தில் ஒரு சின்னக் குறை: முன்னறையிலிருந்து சமையலறை விளக்கு தெரியாது. மாமியார் ஒரு தட்டு தட்டுவார். எரிந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டு. எரிந்த விளக்கு அணைந்துவிடும். கோபம் வந்தால் மூன்று தட்டு, வருவார்கள். ரொம்பக் கோபம் வந்தால் நாலு, வரமாட்டார்கள். கொஞ்சம் கோபத்துக்கு மகள் ஓடி வருவதும் கடுங்கோபத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் மாமியாருக்குப் புரியவில்லை.

"ஏன்டி, உனக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்பதான் வருவியா?"

"லைட்டே எரியலம்மா!"

"நாலு வாட்டி அடிச்சேனே!"

"அதான் அத்தை, நாலு இரட்டைப்படை" என்றார் சாம்பிள், கதவுக்குப் பின்னாலிருந்து.

"தண்ணி கேக்கறதுக்குக் கணக்குப் பாடம் படிக்கணுமா? இதுக்கு என் வண்டில மணிக்கயிறே தேவலை!"

வெள்ளிக்கிழமை எல் டைப் ஏறியது. வேறு வழியில்லை, சாம்பிளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றே. ஏ பட்டனுக்குச் சிவப்பு விளக்கு, பி பட்டனுக்குப் பச்சை. பட்டன்கள் மேல் காகிதம் ஒட்டி 'வா' என்றும் 'போ' என்றும் எழுதினார். மாமியார் 'வா'வை அழுத்தினார். சிவப்பு எரிந்தது; மகள் குளித்துவிட்டு வந்து பார்க்கும்வரை எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் வந்தது. மாமியார் தண்ணீரைக் குடித்துவிட்டு 'போ'வை அழுத்தினார். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. சந்தேகம் வந்து ஒன்பது முறை அழுத்தினாலும் 'வா' என்பது வா, 'போ' என்பது போ.

மாமியாருக்கு 'போ' பட்டன் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. சாம்பிள் பஸ் தடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகத்துக்கு நேராக நீட்டி அழுத்துவார். "பச்சை விழுந்துடுச்சு மாப்ள, கிளம்புங்க." சாம்பிள் கிளம்பமாட்டார். இருவருக்கும் பரம திருப்தி. சனிக்கிழமை முழுக்க விசிலே இல்லை. தெருவில் கார்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தன.

அன்று மாலை, இது தெரியாமல், மாஸ்டர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். விசில் உள்ளே கேட்காமலிருக்க ஸ்கூல் வாசலுக்குத் தகரத்தில் ஒரு பெரிய தள்ளு கேட் போட்டார். ரிமோட்டில் திறந்து ரிமோட்டில் மூடுவது. மாட்ட வந்தவர் அவசரக்காரர். அட்ரஸ் பின்களை அவரும் சும்மா விட்டுவிட்டுப் போனார். சாம்பிள் யோசித்து யோசித்துச் செய்யாமல் விட்டதை அவர் யோசிக்காமலே செய்யாமல் விட்டார். விளைவு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சகலை வந்தார். பளபளவென்று ஒரு கார், அதைவிடப் பளபளவென்று சகலை. "சகல, லிஃப்டுல கண்ணாடி போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். "அத்தை, கிளம்பலாமா?"

"விசில் சத்தம் கேட்டாத்தான் அத்தான்" என்றார் சாம்பிளின் மனைவி. "உக்காருங்க, டீ போடறேன்."

சமையலறைக்குள் கால் வைத்ததும் சிவப்பு எரிந்தது. முன்னறைக்கு ஓடினார். "என்னம்மா?"

"நான் கூப்பிடலையே."

பச்சை விழுந்தது. திரும்பி வந்து பாலை அடுப்பில் வைத்தார். சிவப்பு. ஓடினார்.

"கூப்பிடலைங்கறேன்!"

"அப்ப யார் அழுத்தறாங்க? ரிமோட் உங்க கையில இருக்கு!"

"என்னைப் பொய்க்காரிங்கறியா?"

மூன்றாவது ஓட்டத்தில் பால் பொங்கியது. நான்காவது ஓட்டத்தில் அந்த அம்மாள் ஓடுவதை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக் கணவரைப் பார்த்தார். சகலை டீ வராத கையோடு, "எங்க வீட்டுல இந்த மாதிரி எல்லாம் வராது" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அதனால் அதிகம் குத்தியது.

எதிரே டிரைவிங் ஸ்கூலில் அது பரபரப்பான நாள். மாஸ்டர் கேட்டைத் திறந்தார், இங்கே சிவப்பு. மூடினார், பச்சை. இது யாருக்கும் தெரியாது. கோபத்தில் மாமியார் தன் ரிமோட்டில் 'போ'வை ஓங்கி அழுத்தினார். ஜன்னலுக்கு வெளியே, திறந்திருந்த தகர கேட் கடகடவென்று மூடிக்கொண்டது.

மாமியார் கேட்டைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். 'வா'வை அழுத்தினார். கேட் திறந்தது. 'போ'. மூடியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு களை அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"சின்ன மாப்ள" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "இங்க வாங்களேன்."

சாம்பிள் வந்து பார்த்தார். எட்டுப் பின்களும் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

தெருவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் அலுவலகத்திலிருந்து வெளியே ஓடி வந்திருந்தார். தன்னிஷ்டத்துக்கு ஆடும் கேட்டை அடக்குவதற்காக ரிமோட்டைக் கண்டபடி அழுத்திக்கொண்டிருந்தார். கேட் பாதி திறந்தது, நின்றது, மறுபடி மூட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டைப் பெண், மாஸ்டர் இல்லாத காரை, கிளட்ச்சில் ஏறி நின்றபடி, உள்ளேயிருந்து வாசலை நோக்கி ஓட்டி வந்துகொண்டிருந்தாள். கண் சாலையில் இல்லை; கியரில் இருந்தது.

மாமியாரின் கை விசிலுக்குப் போயிற்று. அது அவர் செய்ததல்ல. முப்பது வருடம் செய்தது. விசில் உதடுவரை வந்துவிட்டது. மகள் பார்த்தார். சகலை எழுந்து தோல்பையைத் தூக்கிக்கொண்டார். ஊதினால் கார் நிற்கும், மாமியார் கிளம்ப வேண்டும். சாம்பிளிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. அதை எப்படி ஆரம்பிப்பது என்று அவர் யோசிப்பதற்குள், மாமியார் விசிலை இறக்கிவிட்டு 'வா'வை அழுத்தினார். அழுத்தியபடியே ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார், வா வா வா என்று.

கேட் திறந்தது. கார் ஒரு கீறல் இல்லாமல் தெருவுக்கு வந்து, விசில் இல்லாமலே பிரேக் போட்டு நின்றது. அந்தப் பெண் வாழ்க்கையில் முதல்முறையாக.

சமையலறையில் சிவப்பு எரிந்தது. யாரும் ஓடவில்லை.

"அப்ப... பையை நான் கார்ல வெச்சிடட்டுமா அத்தை?" என்றார் சகலை.

"கீழ வைங்க சகல" என்றார் சாம்பிள்.

அறையில் இருந்த மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். யோசிக்காமல் பேசினார், அதுவும் மூன்றே சொல். கண்ணாடிப் பலகை சொன்னது முழுவதும் அந்த நொடி உண்மையாகிப் போனது. அதை எழுதியவர்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

"விசில் கேக்கலைல்ல?" என்று சாம்பிள் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"கேக்கலை" என்று ஒப்புக்கொண்டார் மனைவி. "ஆனா அந்த லைட் இன்னும் ஒருதரம் பொய்யா எரிஞ்சுதுன்னா, உங்களையும் அத்தான் கார்ல ஏத்தி அனுப்பிடுவேன். அவ்வளவுதான்."

"வரட்டும், லிஃப்ட் பெரிசு" என்றார் சகலை. அவர் தங்கம்தான்.

சாம்பிள் ரிசீவரைக் கழற்றிக்கொண்டு குட்டி அறைக்குப் போனார். ஆறாயிரத்துச் சொச்சம் வழிகள் காத்திருந்தன. முன்னறையிலிருந்து மாமியார், "மாப்ள, ஏதோ ஒண்ணு வெச்சுத் தொலைங்க, எனக்குத் தாகமா இருக்கு!" என்று கத்தினார். அது நியாயமாகப் பட்டது.

மாஸ்டரின் கேட் அதற்குப் பிறகு அடங்கிவிட்டது. அவரே சொன்னார்: "என்ன மாயமோ தெரியல சார், தானா சரியாயிடுச்சு. இன்னொண்ணு, யாராவது வெளியில ஹாரன் அடிச்சுட்டு நின்னா, நான் எழுந்திரிக்கறதுக்குள்ள தானே திறக்குது. நல்ல கேட்."

"நல்ல கேட்தான்" என்றார் சாம்பிள், சொற்சிக்கனமாக.

அவர் செய்தது இவ்வளவுதான்: ரிசீவரில் முதல் பின்னுக்கும் ஒரு ரிமோட்டில் முதல் பின்னுக்கும் ஆளுக்கொரு சொட்டு ஈயம் வைத்து பிளஸில் சேர்த்தார், சாம்பிள் பார்க்க வாங்கியதில் மிஞ்சிய இன்னொரு ரிமோட்டில் ஈயம் எதுவும் வைக்காமல், மாஸ்டரின் கேட்டைப் போலவே எட்டுப் பின்னையும் சும்மா விட்டு, அதை மாமியாரின் தலையணைக்கடியில் வைத்தார்.